உன் வகுப்பில் ஒலித்த என் குரல்

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த சொல் வரவில்லை. அதனால் அதை அடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு நாங்கள் வருவதற்கான டிக்கெட் அப்பாவின் போனுக்கு வந்துவிட்டது. எனக்கு நீ அனுப்பிய செய்தியும் வந்தது. "இன்னும் அதையே நெனச்சிட்டு இருக்காதம்மா. சின்ன விஷயம். லெட்ஸ் மூவ் ஆன்." சின்ன விஷயமா பெரிய விஷயமா என்பதை அடிபட்டவள்தான் சொல்ல வேண்டும், அடித்தவன் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். கல்ஃபில், புஜைராவில் வளர்ந்த பிள்ளை நீ, தமிழ் உனக்கு மெதுவாகத்தான் ஓடும். எழுத்துக் கூட்டிப் படி. ஒரு பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தால் சாரம் பிடிபட்டுவிடும் என்று உன் மாணவர்களுக்குச் சொல்லித் தருவாயே, அந்த வித்தை இங்கே செல்லாது. இன்னொன்று, இது உனக்கு மட்டும் எழுதுவதல்ல. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன். என் குரலை வாங்கிக்கொண்டு போய், என்னைக் கேட்காமல் வெட்டி, ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒலிக்கவிட்டவன் நீ. உன்னைக் கேட்காமல் ஊருக்குச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. உன் பெயரை மட்டும் எழுதவில்லை. அதுகூட நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை நினைத்துத்தான்.

நீ சீனாவுக்குக் கிளம்பியபோது நான் எப்படிப் பூரித்தேன் என்று உனக்கே தெரியும். ஊரிலிருந்து எல்லாரும் கல்ஃபுக்குப் பிழைக்க வருகிறார்கள், என் மகன் கல்ஃபிலிருந்து கிளம்பிச் சீனத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப் போகிறான் என்று நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். பல்வலியோடு வந்த மனிதர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே என் பெருமையைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நீ வீடியோ காலில் வருவாய். ட்ராக் சூட் போட்ட பிள்ளைகளையும், தலையை மறைக்கும் உயரத்துக்கு மேசைமேல் அடுக்கிய புத்தகங்களையும், கரும்பலகைக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கரையும் காட்டுவாய். அந்த ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பேச்சு வரும். சட்டை என்ன விலை, ரயில் எப்போது கிளம்பும், அந்தப் பெண் ஏன் தாமதமாக வந்தாள். பேச்சு தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகள் கேள்விகளைப் படித்து, முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவிட வேண்டும் என்பாய். பள்ளி முடிக்கும்போது எழுதும் ஒரு பரீட்சையில்தான் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையே தொங்குகிறது என்றும் சொல்வாய். எனக்கும் அந்தப் பயிற்சிகளை அனுப்புவாய். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, ஏ, பி, சி என்று பதில் அனுப்புவேன். ஒருமுறை நான் தப்பாகப் பதில் சொன்னபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "உனக்குத் தெரிஞ்சத வெச்சு பதில் சொல்லாதம்மா. அவங்க பேசுனதுல இருக்கணும். அதுல இல்லாதது எதுவுமே சரியான பதில் கெடையாது." நல்ல வாத்தியாராகிவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த நம்பிக்கையில்தான், நீ என் குரல் வேண்டும் என்று கேட்டபோது ஒரு கேள்வியும் கேட்காமல் சரி என்றேன். "பசங்க எப்பவும் ஸ்டுடியோல பேசுன இங்கிலீஷையே கேக்குறாங்கம்மா. நிஜமான ஒருத்தர், நிஜமா நடந்தத பேசணும். எனக்கு மூச்சு முட்டுன அன்னைக்கு நடந்தத சொல்லேன்" என்றாய். அப்பாவைக் கடைக்கு அனுப்பினேன். ஏசி இரைச்சல் பதிவில் விழும் என்று அதை நிறுத்தினேன். கோடைக்காலத்தில் ஏசி இல்லாத அறை எப்படியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்து ஒழுக ஒழுக, கட்டிலில் உட்கார்ந்து, உன் மாணவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று நிறுத்தி நிதானமாகப் பேசினேன். பிடிக்காமல் அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். என் வாழ்க்கையில் யாரும் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கேட்டு வாங்கியதில்லை. என் பிள்ளை கேட்டான் என்று மிதந்துகொண்டிருந்தேன், மடச்சி.

நான் சொன்னது இதுதான். நீ பாதியைத்தான் வைத்துக்கொண்டாய், அதனால் முழுதாக இங்கே எழுதிவைக்கிறேன். உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட இல்லை. மதியத்துக்கு மேல் உனக்கு இழுப்பு வந்துவிட்டது. விலா எலும்பு உள்ளே ஒட்டி ஒட்டி எழுந்தது, உதடு நிறம் மாறியது. அப்பா எண்ணெய் டேங்க் சைட்டில் டூட்டி. உள்ளே போகும்போது போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பக்கத்து ஃபிளாட்காரர்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஒரு டாக்ஸி ஆபீஸ் எண்ணுக்கு அடித்தேன். இங்கிலீஷில்தான் பேசினேன். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், மஞ்சள் கட்டடம், குழந்தைக்கு மூச்சு வரவில்லை, ஆஸ்பத்திரி. போனை எடுத்தவன் "வாட்? வாட்? ஸ்பீக் இங்கிலீஷ், மேடம்" என்றான். திரும்பச் சொன்னேன். திரும்பவும் "வாட்?" என்றான். பிறகு வாயைப் போனிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இருந்தவனிடம் "ஃபிர் வஹி மதராசி" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். லைன் துண்டித்துப் போனது. அந்த இந்தி வார்த்தைக்கு அர்த்தம் தெரியும் அளவுக்கு எனக்கு இந்தி தெரிந்திருந்தது. மறுபடியும் அதே மதராசி. நான் எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவனுக்கு நான் பேசியது காதில் விழுந்திருக்கிறது. என் குழந்தைக்கு மூச்சு வரவில்லை என்பது மட்டும் விழவில்லையாம்.

உன்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். தெருவில் வெயில் வெள்ளையாய் அடித்தது, ஆள் நடமாட்டமே இல்லை. தண்ணீர்க் கேன் ஏற்றிய ஒரு பிக்கப் வந்தது, நடுத்தெருவில் நின்று மறித்தேன். ஓட்டி வந்த பட்டாணியனுக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பைட்டோ பெஹன், ஜல்தி", உட்கார் அக்கா, சீக்கிரம் என்று கதவைத் திறந்தான். போகிற வழியில் கேன்கள் உருண்டு விழுந்தன, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சூடானி லேடி டாக்டர். அதே இங்கிலீஷில்தான் அவரிடமும் சொன்னேன். எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டான், இதற்கு முன் வந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூட அவர் திரும்பக் கேட்கவில்லை. உன் மூச்சு சீரானதும் என் தோளைத் தட்டி, "கலாஸ், மாமா, கலாஸ்" என்றார். எல்லாம் முடிந்தது, அம்மா என்று அரபியில் அர்த்தம். பிற்பாடு கிளினிக்கில் போன் எடுக்கும் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் ஏன் ஓடிப்போய்ச் சேர்ந்தேன் என்று அப்பாவுக்கே தெரியாது. போனுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தடுமாறினால், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க இந்த ஊரில் ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பதிவின் முடிவில் இதையும் உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்.

பள்ளி விடுமுறையில் லின்னை அழைத்து வந்தாய். உன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர், சீனத்துப் பெண், நீ கட்டிக்கொள்ளப் போகிறவள். மருமகள் வருகிறாள் என்று வீட்டையே புரட்டிப்போட்டுத் துடைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்து, நீயும் அப்பாவும் ஹாலில் இருந்தீர்கள். அவள் சமையலறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்துச் சிரித்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "ஆன்ட்டி, உங்க குரல நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும்."

"அப்படியா? பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதாம்மா?"

"நல்லாப் புரிஞ்சுது. மூணாவது கேள்விக்குத்தான் பெரிய சண்டை."

ஆசையாகக் காட்டச் சொன்னேன். அவளும் ஆசையாகத்தான் காட்டினாள், எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்திருக்காது என்று நம்பியிருந்தாள். போனில் என் குரல் ஓடியது. டாக்ஸிக்காரன் "வாட்?" என்றதோடு நின்றுவிட்டது. மதராசி இல்லை, சிரிப்பு இல்லை, பிக்கப் இல்லை, டாக்டர் இல்லை. வினாத்தாளின் தலைப்பில் 'உச்சரிப்புப் பிழைகளைக் கண்டுபிடித்தல்' என்று போட்டிருந்தது. மூன்றாவது கேள்வி: அந்த மனிதருக்கு அந்தப் பெண்ணின் பேச்சு ஏன் புரியவில்லை? ஏ, போன் லைன் சரியில்லை. பி, அவள் மிக வேகமாகப் பேசினாள். சி, அவளுடைய உச்சரிப்பு மோசமாக இருந்தது. சி-க்குப் பக்கத்தில் டிக். நான் கையைத் துடைத்துக்கொண்டு அதை இன்னொருமுறை படித்தேன். லின்னின் சிரிப்பு மெல்லக் குறைந்ததைப் பார்த்தேன். அவளை ஹாலுக்கு அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன்.

"இது என்னடா?"

நீ பார்த்தாய். முகம் மாறியது, ஒரு நொடிதான். "டீச்சிங் மெட்டீரியல்மா. வெவ்வேற ஆக்சென்ட் கேட்டுப் பழகணும்ல?"

"பழகுறதுக்கா? மோசம்னு டிக் போடுறதுக்கா?"

"பர்சனலா எடுத்துக்காதம்மா. உன் பேரு எங்கயாவது இருக்கா?"

"மிச்சத்த எங்கடா? டாக்டரம்மா எங்க? அந்தப் பாவி சிரிச்சது எங்க?"

"நீளமா இருந்துச்சு, கட் பண்ண வேண்டியதாப் போச்சு. அதோட... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. உன் உச்சரிப்பு அப்படித்தானே இருக்கு?"

அதைச் சொன்னபோது நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். எனக்காக அல்ல, தமிழ் தெரியாதவள் என்றாலும் ஹாலில் இருந்தவளுக்குக் கேட்கக் கூடாது என்று. அந்த ஒரு கணத்தில் எனக்கு உன்னைப் பிடிக்காமல் போனது. பெற்ற பிள்ளையைப் பிடிக்காமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்பா உள்ளே வந்து, "என்ன சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, அம்மா கொஞ்சம் எமோஷனல்" என்றாய். என்னைப் பற்றி எனக்கு முன்னாலேயே இரண்டாவது தடவையாகத் தப்பான விடையை எழுதிக் கொடுத்தாய்.

மறுநாள் காலையில் நீ எழுவதற்கு முன் லின் என்னோடு கார்னிஷுக்கு, அந்தக் கடலோரப் பாதைக்கு நடக்க வந்தாள். அந்த நேரத்திலேயே புழுக்கம், அவள் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டேயிருந்தது. கடலில் கப்பல்கள் முறை வருவதற்காக நின்றுகொண்டிருந்தன. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே கேட்டாள். "ஆன்ட்டி, நேத்து நீங்க பேசுனது எனக்குப் புரியல. ஆனா நான் காட்டுனதுதான் காரணம், இல்லையா?" நான் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அதே உச்சரிப்பில்தான் சொன்னேன். அவள் ஒரு இடத்தில்கூட "வாட்?" என்று கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் அந்தச் சண்டை என்ன என்று சொன்னாள். வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் ஏ என்று போட்டிருக்கிறார்கள், போன் லைன் சரியில்லை. நீ அத்தனையையும் தப்பு என்று அடித்திருக்கிறாய். அவர்கள் எழுந்து வாதாடியிருக்கிறார்கள். "சார், அவங்க பேசுனது எங்களுக்கு எல்லாமே புரியுது. வேற நாட்டுல இருக்குற எங்களுக்கே புரியுதுன்னா அந்த ஆளுக்கு எப்படிப் புரியாம இருக்கும்? அப்ப லைன்தானே கெட்டுப் போயிருக்கணும்?" நீ என்ன சொன்னாயாம்? "ஆக்சென்ட்டக் கவனிங்க" என்றாயாம். பதிவை இரண்டாம் முறை ஓடவிட்டு, நான் தப்பாகச் சொன்னதாக நீ நினைத்த ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி, உன் வாயால் திருத்திச் சொல்லிக் காட்டினாயாம். பிறகுதான் பிள்ளைகள் சிரித்தார்களாம்.

ஏன் அப்படிச் செய்தான் என்று லின்னிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீ சேர்ந்த புதிதில் சில பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து, இங்கிலீஷ் சொல்லித்தர இந்தியன் எதற்கு, வெள்ளைக்காரர் கிடைக்கவில்லையா என்று கேட்டார்களாம். உன் வகுப்பின் வாசலில் நின்று உன் பேச்சைச் சோதித்துவிட்டுப் போனார்களாம். இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லை. அவர்கள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் என் மோசமான உச்சரிப்பிலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அதற்காக உன்மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்க்காதே. வரவில்லை. உன் முகத்தைப் பார்த்து உன் பேச்சை எடை போட்டார்கள், உனக்கு வலித்தது. அந்த வலி எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டே நீ என்னைப் பிடித்து அவர்கள் முன்னால் தள்ளினாய். இதுதான் இந்தியன் இங்கிலீஷ், நான் இதில் சேர்த்தி இல்லை, பாருங்கள், நானே திருத்துகிறேன் என்று காட்டினாய். தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம். உனக்குத் தெரியும்.

அறிவுரை சொல்ல வேண்டிய வயதில் இருக்கிறேன், கல்யாணத்துக்கு முன் தாய் நாலு நல்ல வார்த்தை எழுதுவதும் வழக்கம்தான். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. காது கொடுப்பதைச் சொல்லித் தந்து நீ சம்பளம் வாங்குகிறாய். உனக்கு அது தெரியவில்லை. எந்த எழுத்தை யார் எப்படிச் சொன்னார்கள் என்று பிடிக்கிறாயே தவிர, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உனக்குள் போகவில்லை. உன் மூச்சு நின்றுபோய்விடும் என்று பயந்து ஒருத்தி ஓடிய கதையைக் கேட்டு, அதில் உனக்குக் கிடைத்தது உச்சரிப்புப் பிழை. லின்னிடமும் இப்படித்தான் இருப்பாய் என்று பயமாக இருக்கிறது. அவள் பேச்சில் என்ன குறை என்று தேடத் தொடங்கினால் அவளுக்கு நான் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதான், பெட்டியைக் கட்டு என்பேன். உன் பக்கம் நிற்க மாட்டேன்.

நீ சீனாவுக்குத் திரும்பிப் போன பிறகு போன் செய்தாய். அந்தப் பதிவை அழித்துவிடுவதாகச் சொன்னாய். வேண்டாம் என்றேன். அழித்தால் உனக்கு நிம்மதி, எனக்கு என்ன? வெட்டியதையெல்லாம் சேர்த்து, முழுப் பதிவையும் அதே பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு, 'நான் போட்ட டிக் தப்பு, இது என் அம்மா' என்று உன் வாயால் சொல் என்றேன். "அந்தப் பசங்க இப்ப என் கிளாஸ்ல இல்லம்மா. அடுத்த வகுப்புக்குப் போயிட்டாங்க" என்றாய். லின்னைக் கேட்டேன். அடுத்த வகுப்பு அதே கட்டடத்தில்தான் இருக்கிறதாம், உனக்கு நேர் மேல் மாடியில். ஒரு மாடி ஏற வேண்டும், அவ்வளவுதான். உன்னைத் தூக்கிக்கொண்டு நான் மாடியிறங்கி ஓடியிருக்கிறேன். உனக்குத் தூக்கிப் போக ஒரு சுமையும் இல்லை.

கல்யாணத்துக்கு வருவேன். லின்னுக்காக வருவேன், அப்பாவின் ஆசைக்காக வருவேன். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன் உனக்கு இன்னும் வகுப்பு நாட்கள் இருக்கின்றன. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் பெற்றவர்கள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் டீக் கோப்பையை நீட்டி, அம்மா என்று கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்று லின் சொல்லியிருக்கிறாள். அதை வாங்கிக் குடித்தால்தான் பெற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமாம். லின் கொடுப்பதை வாங்கிக் குடிப்பேன். நீ கொண்டு வருவதற்குள் அந்த மாடி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் நீ எந்த இங்கிலீஷில் கூப்பிட்டாலும், எந்தத் தமிழில் கூப்பிட்டாலும், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதன் அர்த்தத்தை நீ அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்காது.

அம்மா